பஞ்சு அடைத்த செம்பு

பேச்சி அத்தை ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் துண்டில் சுற்றிய ஒன்றை, மேலே ஒரு கை, கீழே ஒரு கை கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். சரள் பாதையில் செருப்பு சறுக்கும்போதெல்லாம் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தார்.

அது குழந்தை இல்லை. ஒரு பித்தளைச் செம்பு.

அன்றைக்கு எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தைத் தாண்டி, பிளாட் போட்டுப் பிரித்த ஒரு பெரிய கரிசல் வெளியில் அது ஒன்றுதான் வீடு. சுற்றிலும் வெள்ளையடித்த எல்லைக் கற்கள். கற்களுக்கு அப்பால் வேலிக்கருவை. அதற்கும் அப்பால், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவை பட்டாசுக் கம்பெனிகள்.

பதினோரு மாதக் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அத்தை கிட்ட வந்துகொண்டிருந்தார். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக அதை மனதுக்குள் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். கேட்டுவிட்டால்தான் இந்த வீட்டில் என்னால் குடியிருக்க முடியும் என்று தோன்றியது. கேட்டால், என் அப்பாவின் ஒரே அக்கா அந்தச் செம்போடு வந்த வழியே திரும்பிப் போய்விடவும் கூடும்.

என்ன கேட்க இருந்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் சில பழைய கதைகளைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு திருத்தம்.

முதல் வாரத்தில் ஒரு வரி

இந்தத் தொடரின் முதல் வாரத்தில் என் பூட்டி சீனியம்மாளைப் பற்றி, ‘பயம் என்றால் என்னவென்று அறியாதவள்’ என்று எழுதியிருந்தேன். பூட்டி என்றால் என் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள். அந்த வரியைப் பாராட்டிச் சிலர் கடிதம் எழுதினார்கள். ஒருவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தன் மகளின் அறையில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

அந்த வரி தவறு.

கயல் பிறக்கும்வரை நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். தினசரிக் காலண்டரில் ஒரு நாளின் ராகு காலம் மாறிப்போனால் எத்தனை வீடுகளில் எத்தனை காரியம் தள்ளிப் போகும் என்று நினைத்து, ஒரே தாளை மூன்று முறை பார்ப்பேன். வீட்டுக்கு வந்து, சோறு வடிக்கும்போது நான்காவது முறை மனதுக்குள் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், சொந்தப் பூட்டியைப் பற்றிய வரியை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை. எல்லோரும் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

எல்லோரும் சொன்னது இதுதான். சீனியம்மாள் காரியாபட்டிப் பக்கத்துக்காரி. பூட்டன் பாரவண்டி ஓட்டியவர். மழை பொய்த்த ஒரு வருடம், இருந்த ஒரு வண்டியில் பானை சட்டியை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். சிவகாசிக்கு வெளியே, அப்போது யாரும் குடியில்லாத உடைமரக் காட்டில், மூன்று குறுக்கம் கரிசல் அவர்களுக்குக் கிடைத்தது. குறுக்கம் என்பது எங்கள் ஊர் ஏக்கர் கணக்கு. வண்டிக்குக் கீழேயே பத்து நாள் குடியிருந்தார்கள். பிறகு சோளத்தட்டையால் ஒரு குடிசை போட்டார்கள். குடிசை எழும்பியதும் பூட்டன் மாட்டைப் பூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பருத்திப் பொதி ஏற்றக் கிளம்பிவிட்டார். போனால் வர நாலைந்து நாள் ஆகும்.

அவள் மட்டும் இருந்தாள். கூடவே தவழ்கிற வயதில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைதான் என் தாத்தா. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது.

முள்ளை வெட்டினாள். வேரைப் பறித்தாள். கல் பொறுக்கிக் கரை கட்டினாள். கம்பும் குதிரைவாலியும் விதைத்தாள். இரண்டு மழைக்காலம் கழிந்தது. அந்தக் காட்டில் ஒருத்தி பிழைத்துக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இரண்டாவது வீடு வந்தது. அப்புறம் நாலு வீடு. அப்புறம் ஒரு தெரு. இன்றைக்கு அந்த இடத்தில் டைரிக்கு அட்டை ஒட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. வாசலில் நின்றால் பசை காயும் வாசனை வரும். ஒரு முறை கயலைத் தூக்கிக்கொண்டு போய், “இதுதாண்டி நம்ம காடு” என்று காட்டினேன். அவள் தும்மினாள்.

பதினான்கு பயங்கள்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

வீடு கட்டத் தொடங்கியபோது, நாங்கள் குடிபோவதற்குள் பக்கத்தில் நாலு வீடாவது வந்துவிடும் என்று சொன்னார்கள். எங்கள் வீடு பூச்சு முடிந்து, வண்ணமும் அடித்தாயிற்று. ஒரு கல்லுக்குப் பக்கத்தில்கூட யாரும் கடப்பாரை போடவில்லை.

என் கணவர் சரவணன் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். காலண்டர் சீசனில் விடிந்து போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“கௌசி, நீ சரின்னா போவோம். இல்லைன்னா அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கனயே இருந்துக்குவோம். பகல் பூரா பிள்ளையோட இருக்கப் போறவ நீதான். நீயே சொல்லு.”

திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். முடிவை என் கையில் கொடுத்துவிட்டார்.

அச்சகத்தில் கொடுத்த சாம்பிள் டைரி ஒன்றை எடுத்து, பயங்களை எழுதத் தொடங்கினேன். பாம்பு. கயலுக்கு அடிக்கடி வரும் இளைப்பு. ஆஸ்பத்திரி தூரம். போனில் ஒரு கோடுதான் சிக்னல். கரண்டு போனால் யாரிடம் கேட்பது. கிழக்கே பட்டாசுக் கம்பெனி. நான் வழுக்கி விழுந்தால் பிள்ளையை யார் தூக்குவார்கள். இப்படிப் பதினான்கு சேர்ந்தது. சரவணன் அதை வாங்கி, அச்சுக்குப் போகிற தாளைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

“பதினாலும் சரியாத்தான் இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு.”

“என்ன?”

“குரங்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பேச்சி அத்தையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அத்தை பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் பாக்கிங் பார்த்தவர். காலையில் கம்பெனி வேனில் ஏறி எப்படி நிமிர்ந்து உட்காருவாரோ, அப்படியேதான் வீட்டிலும் உட்காருவார்.

“ஏத்தா, மின்சாரம் இருக்கு. குழாயத் திறந்தாத் தண்ணி வருது. கைக்குள்ள போன் இருக்கு. இதுக்குப் போயி இம்புட்டு யோசன. ஒங்க பூட்டி இருந்தா இந்நேரம் ரெண்டு வெள்ளாமை எடுத்துருப்பா.”

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதனால்தான் வலித்தது. பயமறியாத ஒரு பூட்டியின் வம்சத்தில் பதினான்கு பயங்களோடு ஒருத்தி. நான் எழுதிய வரியே என் முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது.

ஆட்டக்கூடாது

சீனியம்மாள் விட்டுப்போன ஒரே பொருள் அந்தச் செம்பு. கழுத்து ஒடுங்கிய, நன்றாகக் கனக்கிற பித்தளைச் செம்பு. உள்ளே ஏழு கூழாங்கற்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கற்கள் அசையாதபடி வாய் நிறையப் பஞ்சு வைத்து இறுக்கி அடைத்திருக்கும். எங்கள் குடும்பத்தில் யார் புது வீடு கட்டினாலும் முதலில் உள்ளே போவது அந்தக் கல்லுச்செம்புதான். அதற்குக் குங்குமம் வைத்து, கயிறு மாற்றி, அப்புறம்தான் பால். மற்ற நாட்களில் அது அத்தை வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கும்.

அதற்கு ஒரே ஒரு விதி. ஆட்டக்கூடாது. கல் சத்தம் வெளியே கேட்டால் குடும்பம் ஆடிவிடும்.

எனக்கு ஏழு வயது இருக்கும். உள்ளே கல் இருக்கிறதா, இல்லை பெரியவர்கள் சும்மா சொல்கிறார்களா என்று பார்க்க, அந்தச் செம்பை எடுத்துக் காதோடு வைத்து லேசாக ஆட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. முதுகில் ஒரு அறை விழுந்தது. அடித்த கையாலேயே அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு செம்பிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தார்.

பஞ்சு வந்த கதையும் அத்தை சொன்னதுதான். வீட்டுக்குள்ளேயே தீப்பெட்டி வேலை நடந்த காலத்தில், அத்தையின் அம்மா, அதாவது என் ஆச்சி, அந்தச் செம்புக்குப் பஞ்சை அடைத்தாராம். தீக்குச்சி மருந்து புழங்குகிற வீட்டில் கல்லும் உலோகமும் மோதுகிற சத்தத்தை யாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? அந்தச் சத்தம் கேட்டாலே எங்கோ பொறி பறந்துவிட்டது என்று ஓடிவந்து பார்ப்பாராம். அதனால் பஞ்சு. அதற்குப் பிறகுதான் ஆட்டக்கூடாது என்ற பேச்சும் வந்திருக்க வேண்டும். எது முதலில், எது பின்னால் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘டம்’ என்று ஒரு சத்தம் கேட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முதலில் வானத்தைப் பார்ப்போம். புகை தெரிகிறதா என்று. தெரியாவிட்டால், சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிறார்கள் என்று மூச்சு விட்டு, விட்ட வேலையைத் தொடர்வோம். கல்யாண வீட்டில் பந்தி நடுவிலும் அப்படித்தான். சத்தம் என்றால் எங்களுக்கு வானம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு செம்புக்குப் பஞ்சு அடைத்ததில் என்ன ஆச்சரியம்.

காரியாபட்டியில் ஒரு மத்தியானம்

பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டோம். குடிபோவதா வேண்டாமா என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. “பால் காய்ச்சுற அன்னைக்குச் சொல்றேன்” என்றேன். சரவணன் தலையாட்டினார்.

பத்திரிகை வைக்கக் காரியாபட்டிக்குப் போனோம். சீனியம்மாளின் தங்கை வழியில் எனக்குச் சித்தி முறையாகும் ஒருவர் அங்கே வத்தல் கடை வைத்திருக்கிறார். நல்லது கெட்டதுக்குப் பார்ப்பதோடு சரி, நெருங்கிய போக்குவரத்து கிடையாது. நாங்கள் போனபோது சித்தி வாசலில் மிளகாய் வத்தலைக் குவித்துப்போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். காற்றே காரமாக இருந்தது. கயல் தும்மிக்கொண்டே இருந்தாள்.

“வாங்க, வாங்க. உள்ள போயி உக்காருங்க. பிள்ளைக்கு நெடி ஏறுது பாருங்க. சாப்பிட்டீகளா?”

வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தேன். சரவணன் பேச்சோடு பேச்சாக, “கல்லுச்செம்பை அன்னைக்கு அத்தை எடுத்துட்டு வர்றாக சித்தி. அது வந்த பிறகுதான் பாலு” என்றார்.

“என்ன செம்பு?”

நான் விளக்கினேன். ஏழு கல், மஞ்சள் கயிறு, குங்குமம், பஞ்சு, ஆட்டக்கூடாது என்பது, எல்லாம். சித்தியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

“ஐயோ, கையில காரம். கண்ணத் தொடைக்க முடியல. சிரிக்க வைக்காதீக.”

முந்தானையால் நான்தான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“ஏத்தா, அது பிள்ளை கட்டுற செம்பு. அதுக்குக் குங்குமம் வச்சுக் கும்பிட்டுக்கிட்டா இருக்கீக?”

“பிள்ளை கட்டுறதா?”

“தவழுற பிள்ளைய வீட்ல போட்டுட்டுக் காட்டுக்குள்ள வேல பாக்கணும்ல. செம்புக்குள்ள நாலு கல்லப் போட்டுக் கூரைக் கம்புல தொங்க விட்டுருவாக. அதுல இருந்து ஒரு கயிறு பிள்ளை இடுப்புக்கு. பிள்ளை அசைஞ்சா கல்லு பேசும். எங்க மாமியா என் மகளுக்கே கட்டுனாக. அந்தச் செம்பு இப்ப மோர் ஊத்தி வைக்கக் கெடக்கு.”

மாமியார் சொன்ன கணக்கையும் சித்தி சொன்னார். அப்பப்ப சத்தம் வந்தால் பிள்ளை விளையாடுகிறது. சத்தமே இல்லை என்றால் தூங்குகிறது. விடாமல் வந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

நான் கேட்டேன். “எங்க பூட்டி ரொம்ப தைரியசாலின்னு சொல்லுவாகளே சித்தி.”

“ஒங்க ஊர்ல அப்படியா சொல்லுறாக?” சித்தி மறுபடி சிரிக்கத் தயாரானார். “இங்கன அவுக பேரே பயந்தாங்குளி சீனி. எங்க மாமியா அவுக தங்கச்சி மகள்ல, கதை கதையாச் சொல்லுவாக. வருசத்துக்கு ஒருக்கா பிள்ளையோட வருவாகளாம். திரும்பிப் போற அன்னைக்கு ஒரே அழுகையாம். ‘அங்கன மனுசக் குரலே கேக்கலடி, நீயும் வாடி’ன்னு தங்கச்சி கையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டாகளாம். தங்கச்சி எங்க போறது? அவதான் தன் வீட்டுச் செம்பக் குடுத்து, ‘இதக் கட்டிக்க, பிள்ளை சத்தமாவது கேக்கும்’னு அனுப்புனாளாம்.”

“அழுதுட்டு, அப்புறம்?”

சித்தி ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“அப்புறம் என்ன, வண்டியில ஏறிப் போயிருவாக.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல் என் மடியில் தூங்கினாள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே வண்டியில் ஏறிய ஒருத்தியை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அவளுக்கும் பதினான்கு பயங்கள் இருந்திருக்கும். எழுதத் தெரியாததால் அவற்றைக் கல்லாக்கிச் செம்புக்குள் போட்டிருக்கிறாள். அவள் கேட்க வேண்டும் என்று வைத்த சத்தத்தை நாங்கள் பஞ்சு வைத்து அடைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அத்தையும் பஞ்சும்

இனி பால் காய்ச்சிய காலைக்குத் திரும்புகிறேன்.

அத்தை உள்ளே வந்து, மணையில் செம்பை வைத்து, துண்டை அவிழ்த்தார். புளி போட்டுத் தேய்த்திருந்தார். தங்கம் மாதிரி இருந்தது.

“அத்தை, பால் பொங்குறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. பாத்ரூமுக்குக் கதவு போட மறந்துட்டீகளா?”

“இந்தப் பஞ்ச எடுத்துரலாமா?”

அத்தை என்னைப் பார்க்கவில்லை. செம்பைப் பார்த்தார். பிறகு சரவணனைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இவளுக்குச் சரியான தூக்கம் இல்லையோ?”

“அவ என்னைக்குத் தூங்கியிருக்கா” என்றார் அவர்.

நான் காரியாபட்டியில் கேட்டதைச் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரிசையெல்லாம் கலைந்து, கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன்.

“பயந்தாங்குளின்னா சொன்னா அவ?” அத்தை எழுந்துவிட்டார். “காரியாபட்டிக்காரி வேற எப்படிச் சொல்லுவா. எங்கம்மா அடைச்ச பஞ்சு இது. எங்கம்மா கை பட்டதுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. எடுத்துரலாமான்னு கேக்குற.”

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பஞ்சும் ஒருத்தியின் பயம்தான் என்பது, அதுவும் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டது என்பது, அத்தை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பதினைந்தாவதாக ஒரு பயம் சேர்ந்தது. பெரிய தவறு செய்துவிட்டேனோ என்று நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

“இடுப்புலயா கட்டுவாகன்னு சொன்ன?”

“ஆமா அத்தை.”

“கடைசிக் காலத்துல எங்கய்யாவ நாந்தான் குளிப்பாட்டுனேன். இடுப்புல இடது பக்கம் ஒரு தழும்பு இருக்கும். கயிறு அறுத்த மாதிரி. இது என்னய்யான்னு கேட்டா, தெரியலத்தா, சின்னப் பிள்ளையில இருந்து கெடக்குன்னு சொல்லுவாரு.”

அத்தையின் அய்யா என்றால், அந்தக் குடிசையில் தவழ்ந்த பிள்ளை, என் தாத்தா. அடுப்பில் பால் வைக்காத பாத்திரம் ஒன்று வெறுமனே காய்ந்துகொண்டிருந்தது. சரவணன் போய் அடுப்பை அணைத்தார்.

“எடுக்கணும்னா நாந்தான் எடுப்பேன்” என்றார் அத்தை.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பஞ்சின் ஓரத்தைக் குத்தி, சிறிது சிறிதாக வெளியே இழுத்தார். மேலே கறுத்துப்போயிருந்த பஞ்சு, உள்ளே போகப் போக வெள்ளையாக வந்தது. முழுதும் வந்ததும் அதை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். என்ன வாசனை வந்தது என்று சொல்லவில்லை. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு செம்பைச் சாய்த்துக் கற்களை உள்ளங்கையில் கொட்டினார்.

ஐந்து கற்கள்தான் இருந்தன.

“ஏழுன்னு யாரு சொன்னது?”

“எல்லாரும்தான் அத்தை. நான் வாரப் பத்திரிகையிலகூட எழுதிட்டேன்.”

“அப்ப அதையும் திருத்திக்க.”

திருத்திவிட்டேன். ஐந்து.

அத்தை கற்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டி, செம்பை நிலைக்கு மேலிருந்த கம்பியில் தொங்கவிட்டார்; கயிற்றின் மிச்சம் தரைப்பக்கம் தொங்கியது. ஆட்டிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் கயலைத் தரையில் விட்டுவிட்டுப் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். பால் நுரைத்து மேலே வருகிற நேரம், பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

கணகணவென்று, கொஞ்சம் கரகரப்பாக, நெடுநாள் பேசாமல் இருந்த ஒருவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல.

அத்தை சட்டென்று ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். சரவணனும் பார்த்தார். நானும் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். புகை இல்லை. வெறும் நீலம்.

திரும்பிப் பார்த்தால், தொங்கிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு கயல் எழுந்து நின்றிருந்தாள். பிடித்து நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் மூன்று பேரின் முதுகையும் பார்த்துவிட்டு இன்னொரு முறை இழுத்தாள்.

முதலில் சிரித்தது அத்தைதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நான் சரவணனிடம் சொன்னேன். “சாமான் ஏத்த வண்டிக்குச் சொல்லிருங்க.”

“அந்தப் பதினாலு?”

“அதுவும் வண்டியில வரட்டும்.”

மூன்றாவது பிளாட்

குடிவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கயலின் இடுப்பில் நான் கயிறு கட்டவில்லை. அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. வாசலுக்குக் குறுக்கே முட்டியளவு உயரத்தில் ஒரு பலகை வைத்து, அதில் செம்பைக் கட்டியிருக்கிறோம். கயல் பலகையைத் தள்ளினால் கல் பேசும். நான் பின்னால் துணி துவைத்தாலும் கேட்கும். அத்தை வாரத்துக்கு ஒரு முறை வந்து, குங்குமம் வைத்துவிட்டுத் தானே ஒரு தடவை ஆட்டியும் பார்த்துக்கொள்கிறார்.

பயங்கள் குறைந்துவிட்டன என்று எழுதினால் அதையும் பின்னால் திருத்த வேண்டியிருக்கும். குரங்கு வந்தது. அதைச் சேர்த்தால் பதினாறு.

போன வாரம் ஒரு முற்பகலில், பைக்கில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்களுக்கு மூன்றாவது பிளாட் அவர்களுடையது. அவர் எல்லைக் கல்லைத் தேடி முள்ளுக்குள் போய்விட, அந்தப் பெண் தோளில் ஒரு குழந்தையோடு எங்கள் வீட்டுப் பக்கவாட்டுக்கு வந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் வயதுதான் இருக்கும். தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். குழந்தைக்கு முதலில் புகட்டிவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். கண் மட்டும் சுற்றிலும் இருந்த வெளியை அளந்துகொண்டே இருந்தது.

“நீங்க மட்டுமா இருக்கீக இங்கன?”

“நானும் பிள்ளையும். அவுக பிரஸ்ஸுக்குப் போயிட்டு சாயங்காலந்தான் வருவாக.”

“பயமா இல்லியாக்கா?”

முன்பு என்றால், இல்லை என்று சொல்லியிருப்பேன். எங்கள் பூட்டியைப் பற்றி ஒரு கதையும் சொல்லியிருப்பேன்.

“பயமாத்தான் இருக்கு” என்றேன். “நீங்க எப்ப வீடு தொடங்குறீக?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது வீட்டின் முன்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கணகணவென்று, விடாமல்.

அவள் வானத்தைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்து ஓடினேன்.